கட்டாது, கூறு, கொப்பி, கழிவு: மட்டக்களப்பில் சாமான் வாங்கப் பழகுகிறவர்களுக்கு

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. பின் அறையில் வருடா வருடம் இரண்டு மூன்று மாணவிகள் வாடகைக்கு இருப்பார்கள். பதுளையிலிருந்து வந்த ஒரு பிள்ளை முதல் கிழமை தனியாக மீன் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். "அன்ரி, அந்த அம்மா தமிழ்லதான் பேசினாங்க. ஆனா என்ன சொன்னாங்கன்னு விளங்கல" என்றாள். மீன் விற்கிற அம்மா சொன்னது இவ்வளவுதான்: "கூறு நானூறு மகள். கிலோவுக்குக் கட்டாது. முதல் வியாபாரம், பார்த்து எடுங்க."

கூறு, கட்டு, முதல் எல்லாமே அவளுக்குத் தெரிந்த சொற்கள். சந்தைக்குள் வந்ததும் அவற்றுக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. அன்று இரவு அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் படிக்கவோ வேலைக்கோ புதிதாக வருகிறவர்களுக்கும், வீட்டுச் சாமான் வாங்கும் பொறுப்பு முதன்முதலாகக் கைக்கு வந்த நம் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாங்கல் விற்றலில் புழங்கும் சொற்களில் ஒரு பகுதி எல்லோரும் பேசும் பேச்சுவழக்கு. 'கட்டாது', 'மறுகா வாறன்' போன்றவை அப்படி. இன்னொரு பகுதி ஒரு தொழிலைச் செய்கிறவர்களுக்குள் மட்டும் புழங்குவது. இலக்கணத்தில் இதற்குக் குழூஉக்குறி என்று பெயர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது பழங்காலத்தோடு முடிந்துபோன விடயமில்லை. என் மாமா கல்முனையில் துணிக்கடை வைத்திருந்த காலத்தில் ஒவ்வொரு சட்டையிலும் தொங்கும் சீட்டில், விலைக்குக் கீழே சின்னதாக இரண்டு மூன்று எழுத்து எழுதியிருப்பார். பத்து எழுத்துக்கு ஒன்று முதல் பூச்சியம் வரை எண் கொடுத்து வைத்திருந்தார். 'மலக' என்று இருந்தால் அவருக்கும் கடைப் பையன்களுக்கும் அது 850. அந்தச் சட்டையின் அடக்க விலை, அதாவது கடைக்கு வந்து சேர்ந்த செலவு. ஆள் பேரம் பேசும்போது எதுவரைக்கும் இறங்கலாம் என்று பையன் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். வாங்க வந்தவருக்கு அது அழுக்கு மாதிரித்தான் தெரியும்.

இப்போது அந்த மீன்கார அம்மாவிடம் வருவோம்.

'கட்டாது' என்பது 'கட்டுப்படியாகாது' என்பதன் சுருக்கம். அந்த விலைக்குக் கொடுத்தால் என் செலவுக்குக் காணாது என்று பொருள். வாங்குகிறவரும் இதைச் சொல்லலாம்: "அந்த விலைக்கு எனக்குக் கட்டாதுகா." கடைசியில் ஒட்டியிருக்கும் 'கா' இந்தப் பக்கத்துப் பேச்சின் வாலே தவிர 'அக்கா' இல்லை. புதிதாக வருகிறவர்கள் முதலில் குழம்புவது இதில்தான். 'கட்டாது' என்று விற்கிறவர் சொன்னால் பேரம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்ப வேண்டாம். அவர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். "சரி, கடைசியா என்ன சொல்றீங்க?" என்று கேட்கலாம். அதற்கு வரும் விலைதான் உண்மையான விலைக்குக் கிட்ட இருக்கும்.

'கூறு' என்பது பங்கு. சூடை, கீரி, நெத்திலி, சின்ன இறால் போன்றவற்றை நிறுக்காமல், கண்ணளவில் குவியலாகப் பிரித்துச் சாக்கின் மேலோ பலகையிலோ வைப்பார்கள். ஒரு குவியல் ஒரு கூறு. கூறில் வாங்கும்போது நீங்கள் வாங்குவது நிறையை இல்லை, அந்தக் குவியலை. ஆகவே பார்க்க வேண்டியது குவியலின் அடியை. மேலே பெரிய மீன் நாலும் கீழே பொடியும் கிடக்கலாம். கையால் ஒருதரம் புரட்டிப் பார்ப்பதை யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள், 'பார்த்து எடுங்க' என்று அவரே சொல்லிவிட்டாரே. நேரம் போகப் போகக் கூறு பெருக்கும், அல்லது இரண்டு கூறை ஒன்றாக்கி அதே விலை சொல்வார்கள். மத்தியான வெயிலில் மீன் நிற்காது என்பது அவருக்கும் தெரியும். பாரை மாதிரிப் பெரிய மீன், நண்டு, பெரிய இறால் என்றால் கிலோதான். அங்கே கூறுப் பேச்சு இல்லை.

'முதல் வியாபாரம்' என்பது நாளின் முதல் விற்பனை. முதலில் வருகிறவர் வாங்காமல் போனால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர் கொடுத்த காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதையும் காணலாம். வாங்கியவரின் 'கைராசி' நல்லதென்று பட்டால் அடுத்த நாளும் கூப்பிட்டு வைத்துக் கொடுப்பார்கள். விடிய முதல் ஆளாகப் போனால் விலை கொஞ்சம் இளகும் என்பது இதனால்தான். ஆனால் வாங்கும் எண்ணம் இல்லாமல் முதல் ஆளாகப் போய் விலை மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது. இது என்னுடைய அபிப்பிராயம், கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அவர் நம்பிக்கை நமக்கு இல்லாவிட்டாலும் அவருக்கு அது அன்றைய சோறு. சித்திரை வருடப் பிறப்பில் பஞ்சாங்கம் சொல்லும் நேரத்தில் பெரியவர்கள் கையால் வாங்கும் கைவிசேடத்திலும் இதே நினைப்புத்தான் இருக்கிறது: முதலில் கைக்கு வரும் காசு நல்ல கையிலிருந்து வர வேண்டும்.

வாங்காமல் திரும்புவதற்கும் ஒரு சொல் உண்டு. 'மறுகா வாறன்.' மறுகா என்றால் பிறகு. 'வேண்டாம்', 'விலை கூட' என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் இப்படிச் சொல்லிவிட்டு நகர்வது இங்கே மரியாதை. கடைக்காரருக்கும் பொருள் தெரியும், "சரி, வாங்க" என்று அனுப்பிவிடுவார்.

விலை கேட்கும்போது முறை சொல்லிக் கேட்பது இங்கே விலையைவிட முக்கியம். தமிழர் கடை என்றால் அண்ணன், அக்கா, மாமி, ஐயா. காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம் கடைகளில் நானா, காக்கா, பெண்கள் என்றால் ராத்தா. எங்களுக்குக் காசு, அவர்களுக்குப் பெரும்பாலும் 'சல்லி'. "சல்லி இரிக்கா?" என்று கேட்டால் சில்லறையைக் கேட்கவில்லை, பணத்தைக் கேட்கிறார். சாமானைக் கையில் தரும்போது 'பறக்கத்' என்ற சொல் காதில் விழலாம். அரபுச் சொல், இறைவனின் அருளால் பெருகுவது என்ற பொருள். ஒரே சந்தையில் இரண்டு பேச்சையும் கேட்டு வளர்ந்ததால் எனக்கு இரண்டுமே வீட்டுப் பேச்சு மாதிரித்தான்.

அளவுச் சொற்களில் பழையது புதியதோடு கலந்து கிடக்கிறது. பாணை இன்றைக்கும் றாத்தல் என்றுதான் கேட்கிறோம். முழுப் பாணின் நிறை 450 கிராம் இருக்க வேண்டும், அரை றாத்தல் என்றால் 225. தூக்கும்போதே இலேசாகத் தெரிந்தால் நிறுக்கச் சொல்லிக் கேட்கலாம். அரிசியைச் சமைக்கும்போது சுண்டுக் கணக்கு. நாலு சுண்டு ஒரு கொத்து. நெல்லுக்கு மரைக்கால், அவணம் என்ற சொற்களை வயதான போடிமாரின், அதாவது பெரிய வயல்காரரின், வாயில் கேட்கலாம். வியாபாரம் இப்போது கிலோவிலும் மூட்டையிலும்தான் நடக்கிறது. துணிக்கு யார் (கெஜம்), மீற்றர் இரண்டும் ஓடுகிறது, இரண்டும் ஒரே நீளமில்லை என்பதால் எந்தக் கணக்கில் விலை சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கீரை கட்டு, வாழைப்பழம் சீப்பு. இவற்றில் குழப்பம் ஒன்றும் இல்லை.

இனிக் 'கொப்பி'. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது.

ஊர்க் கடைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் கொப்பி ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும். "அண்ணன், கொப்பியில போடுங்க" என்றால் கடன். யாருடைய பெயருக்கு என்ன சாமான், எவ்வளவு என்று எழுதி, சம்பளம் வந்ததும் வெட்டிவிடுவார்கள். வெள்ளாமைக்காரர் என்றால் அறுவடைக்குப் பிறகு. பெரும்போகமும் சிறுபோகமும் தவறினால் கொப்பியில் கோடும் தவறும். 'கடன் அன்பை முறிக்கும்' என்று சுவரில் எழுதி வைத்த கடையிலேயே கொப்பியும் இருக்கும். வட்டி இல்லாத கடன் இது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காசுக்கு வாங்குகிறவருக்கு ஒரு விலை, கொப்பிக்காரருக்கு இன்னொரு விலை என்று சில இடங்களில் இருக்கும். "காசுக்கு என்ன, கடனுக்கு என்ன?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். உங்கள் பக்கத்திலும் ஒரு சின்னக் கொப்பி வைத்து அதே கணக்கை எழுதுங்கள். என் அம்மா அப்படித்தான் செய்தார். நாற்பது வருடத்தில் எங்கள் சந்திக் கடையோடு ஒரு தகராறு வந்ததில்லை.

கொப்பியோடு சேர்ந்த சொற்கள் இன்னும் சில. 'கைமாத்து' என்பது தெரிந்தவரிடம் சில நாளைக்கு வாங்கும் வட்டியில்லாத காசு, எழுத்து எதுவும் இருக்காது. 'சீட்டு' என்பது பத்து இருபது பேர் மாதம் மாதம் ஒரே தொகையைப் போட்டு, மாதத்துக்கு ஒருவர் மொத்தமாக எடுப்பது. குளிர்சாதனப் பெட்டி, தையல் மெஷின் எல்லாம் எத்தனையோ வீட்டுக்குச் சீட்டுக்காசில்தான் வந்தன. ஏலச் சீட்டு என்றால் அவசரக்காரர் குறைந்த தொகைக்குத் தள்ளிக் கேட்பார், தள்ளிய காசு மற்றவர்களுக்குப் பிரியும். சீட்டுப் பிடிக்கிற ஆளின் நாணயத்தைத் தவிர வேறு உத்தரவாதம் அதில் இல்லை. 'முற்பணம்' கொடுத்தால் காசு கொடுத்ததற்கு எழுதிய ஒரு துண்டு வாங்க வேண்டும். 'தவணைக்கு' எடுத்தால் ஒரு தவணைக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல் எல்லாத் தவணையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 60,000 ரூபாய்ச் சாமான் மாதம் 6,500 வீதம் 12 தவணை என்றால் 78,000. அந்த 18,000 ரூபாயைச் சொல்லும் சொல் கடைப் பலகையில் இருக்காது.

எனக்கு மிகப் பிடித்த சொல் 'கழிவு'. இந்தியாவிலிருந்து வந்த எங்கள் உறவுக்காரப் பெண் மட்டக்களப்பு நகரில் ஒரு கடைக் கண்ணாடியில் '50% கழிவு' என்று கண்டு, பழுதான துணியை ஏன் இப்படி விளம்பரம் செய்கிறார்கள் என்று கேட்டாள். அங்கே கழிவு என்றால் குப்பை. இங்கே அதோடு சேர்த்து விலைக்குறைப்பும் கழிவுதான். விலையிலிருந்து கழிப்பது கழிவு, அவ்வளவுதான். தள்ளுபடி என்று நாங்கள் பெரும்பாலும் கடனைத்தான் சொல்வோம்: "கடனத் தள்ளுபடி செஞ்சாங்க."

கழிவில் ஏமாறும் இடம் இரண்டு. '50% கழிவு, மேலும் 10% கழிவு' என்று இருந்தால் மனம் உடனே 60 என்று கூட்டிவிடும். 1,000 ரூபாயில் பாதி கழிந்தால் 500. மிச்சமுள்ள 500இல் பத்து வீதம் 50. கொடுப்பது 450. ஆக மொத்தக் கழிவு 55 வீதம்தான். இரண்டாவது, 'வரை' என்ற சின்னச் சொல். '50% வரை' என்றால் கடையில் ஏதோ ஒரு மூலையில் சில சாமானுக்கு மட்டும் ஐம்பது, மற்றதெல்லாம் ஐந்தோ பத்தோ. அந்த 'வரை' எப்போதும் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

இதே சொல்லின் மறுபக்கத்தை வயல்காரர் அறிவார்கள். நெல் வாங்க வருகிற வியாபாரி, ஈரம் இருக்கிறது என்று மூட்டைக்கு இத்தனை கிலோ 'கழிப்பார்'. நெல் சந்தைப்படுத்தல் சபை ஏற்கும் ஈரப்பதன் 14 வீதம். வெட்டு மெஷினிலிருந்து இறங்கிய பச்சை நெல்லில் அதைவிடக் கூடுதலாக இருக்கும், காயவைக்க இடமும் நேரமும் இல்லாதவர் கழிவை ஒத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. கடைக் கண்ணாடியில் சிரிக்கிற அதே சொல் வயல் வரப்பில் ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் குறைக்கிறது.

விலை கூடுதல் என்பதற்குச் சொற்கள் நிறைய: அறாவிலை, ஆனை விலை குதிரை விலை, நெருப்பு விலை. சட்டத்தின் சொல் 'அதிகபட்ச சில்லறை விலை'. பக்கற்றில் அச்சடித்த அந்த விலைக்கு மேல் கேட்கக்கூடாது. அரசாங்கம் விலை குறித்தால் அதை ஊரில் 'கட்டுப்பாட்டு விலை' என்போம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி உருவான நுகர்வோர் விவகார அதிகாரசபைதான் இதைப் பார்க்கிறது, முறைப்பாட்டு இலக்கம் 1977. முறைப்பாடு நிற்க வேண்டுமானால் கையில் பற்றுச்சீட்டு வேண்டும். பில் கேட்பதை வெட்கமாக நினைக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது, அதை விட வேண்டும். பெரிய கடைகளில் விலை சொல்லும்போது பெறுமதி சேர் வரி உள்ளே சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம், பெரிய சாமானில் கனக்கும்.

2022 பொருளாதார நெருக்கடியில் சந்தைக்குப் புதுச் சொற்கள் வந்தன. பதுக்கல், கோட்டா, பெற்றோலுக்குக் கியூஆர். கைக்குழந்தை உள்ள வீடுகளில் பால்மா என்ற சொல்லே ஒரு பெருமூச்சாக இருந்தது. 'பிளாக்கில வாங்கினது' என்று அப்போது சொல்லப்பட்டதெல்லாம் குறித்த விலைக்கு மேல், பில் இல்லாமல் வாங்கியது. இப்போது அந்தச் சொற்கள் குறைந்துவிட்டன.

போனில் வாங்குகிறவர்களுக்கு வேறு அகராதி. 'இன்பொக்ஸ் வாங்க' என்றால் விலையைப் பொதுவில் சொல்ல மாட்டேன், ஆளுக்கு ஆள் மாறலாம் என்று பொருள். 'சிஓடி' என்றால் சாமான் கைக்கு வந்த பிறகு காசு, புதிதாகப் பழகுகிறவர் இதை மட்டும் எடுப்பது நல்லது. 'மாஸ்டர் கொப்பி' என்பதில் எத்தனை மாஸ்டர் சேர்த்தாலும் அது போலிதான். கைப்பேசி வாங்கும்போது 'கடை வொறன்டி' என்றால் அந்தக் கடை இருக்கும்வரைக்கும்தான், 'கம்பனி வொறன்டி' வேறு. இன்னொன்று, *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை, முன்னால் IMEI என்று எழுதி ஒரு இடைவெளி விட்டு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, போன் பதிவானதா என்று காசு கொடுக்கும் முன்பே பார்க்கலாம்.

நகைக்கடையில் நாலு சொல் போதும். பவுண் என்றால் 8 கிராம். 22 கரட் என்றால் 24இல் 22 பங்கு தங்கம், அதுதான் நகையில் குத்தியிருக்கும் 916. செய்கூலி, சேதாரம் இரண்டும் தங்க விலைக்கு மேல் போடுவது. விற்கவோ அடகு வைக்கவோ போனால் அவை திரும்பி வராது. ஆகவே சேமிப்புக்கென்று வாங்குகிறவர் வேலைப்பாடு குறைந்ததை எடுப்பது புத்தி.

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிற தம்பிமார் 'ஓபன் பேப்பர்' என்ற சொல்லைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பழைய உரிமையாளர் பெயர்மாற்றப் படிவங்களில் கையெழுத்து மட்டும் வைத்து, வாங்குகிறவர் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுப்பது அது. வண்டி இரண்டு மூன்று கை மாறும், வண்டியின் பதிவுப் புத்தகத்தில் மட்டும் முதல் ஆளின் பெயரே கிடக்கும். என் தம்பி அப்படி ஒன்றை வாங்கினான். பெயர் மாற்றப் போன இடத்தில், படிவத்தில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பிவிட்டார்கள். புத்தகத்தில் பெயருள்ள ஆள் கத்தாரில். விற்றவர் போனை எடுக்கவில்லை. ஒன்றரை வருடம் அந்த வண்டி எங்கள் முற்றத்தில் படங்கு போர்த்தி நின்றது, அவன் வேலைக்குப் பஸ்ஸில் போனான். 'லீசிங் ஓடுது' என்றால் கடன் முடியவில்லை, தவணை தவறினால் நிறுவனம் வந்து தூக்கிப் போகும். அதற்குச் சொல் 'சீஸ் பண்ணுறது'. காசு கொடுக்கும் முன் புத்தகத்தைக் கையில் வாங்கி, யார் யார் பெயர் இருக்கிறதென்று வாசியுங்கள்.

காணியில் விலை பேர்ச்சில் சொல்வார்கள், 160 பேர்ச் ஒரு ஏக்கர். 'உறுதிக் காணி', 'பேர்மிட் காணி' என்று இரண்டு சொல் வரும். உறுதி என்றால் சொந்தமென்று காட்டும் பத்திரம் உள்ள காணி. அம்பாறையிலும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கமும் பேர்மிட் காணி கனக்க இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் குடியிருக்கவும் பயிர்செய்யவும் கொடுத்த காணி அது, விரும்பியபடி விற்க முடியாது. விலை ஏன் பாதிக்குப் பாதி குறைவு என்று கேட்டால் தரகர் "அவசரத்துக்கு விக்கிறாங்க" என்பார். பேர்மிட் என்று காதில் விழுந்த உடனே முற்பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். தரகரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டுமானால், 'மறுகா வாறன்' என்றால் போதும்.